படத்தின் கீழே 7/30 என்று எழுதியிருந்தால்

நாகர்கோவில் பக்கம் ஒரு வீட்டில் லிமிடெட் எடிஷன் பிரின்ட் (இத்தனை படிதான் என்று வரம்பு கட்டி அச்சிட்ட படம்) மாட்டியிருந்தால், பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது "இது ஒரிஜினலா, பிரின்ட்டா?" அடுத்து, ஓரத்தில் பென்சிலால் எழுதிய 7/30-ஐக் குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணாம் நம்பர் கிடைக்கலியா?" வண்டிக்கு ஃபேன்சி நம்பர் வாங்க ஆள் இருக்கிற ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். 30 என்பது விற்பனைக்கு உள்ள மொத்தப் படிகள். 7 என்பது கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது அடுக்கில் ஏழாவதாக வந்த தாள். ஏழாவதாக அச்சானது என்று பொருள் இல்லை. மூன்று வண்ணம் அச்சிட்டு, ஒவ்வொரு வண்ணத்துக்கும் இடையில் கொடியில் காயப்போட்டு எடுத்த பிறகு, எது எப்போது அச்சானது என்று அச்சிட்டவருக்கே தெரியாது. ஒழுங்காகச் செய்த எடிஷனில் 1-க்கும் 30-க்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது. விதிவிலக்கு ஒன்று உண்டு, பின்னால் வருகிறது.

முதல் கேள்விக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தனிக் காரணம் இருக்கிறது. 1949 வரை இது திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. கிளிமானூர் ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி வெளியிட்ட லட்சுமியும் சரஸ்வதியும் இங்குள்ள பழைய ஓட்டு வீடுகளின் பூஜையறைக்குள் அப்போதே வந்துவிட்டார்கள். ஒரு வண்ணத்துக்கு ஒரு கல் என்று வைத்து அச்சிட்ட ஓலியோகிராஃப் அவை. அதற்குப் பிறகு சிவகாசி காலண்டர். இரண்டுமே எங்கோ இருக்கிற ஓவியத்தின் நகல். எத்தனை வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆகவே "பிரின்ட்" என்றால் நகல் என்று மனதில் பதிந்துவிட்டது. லினோ (உளியால் வெட்டி அச்சிடும் மெத்தென்ற பலகை), மரக்கட்டை, செம்புத் தகடு இவற்றில் கதை வேறு. அங்கே மூல ஓவியம் என்று எதுவும் இல்லை. அச்சிடுவதற்காகவே வெட்டிய பலகைதான் மூலம். அதிலிருந்து எடுத்த முப்பதும் ஒரிஜினல்தான்.

சரி, "லிமிடெட்" என்ற அந்த வரம்பு எங்கிருந்து வருகிறது? வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், ஆனால் யாரும் கேட்பதில்லை. சில முறைகளில் பொருளே வரம்பு போடும். டிரைபாயின்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செம்புத் தகட்டில் எஃகு ஊசியால் நேரடியாகக் கீறுவது. ஏர் போன சாலின் ஓரத்தில் மண் ஏறுகிற மாதிரி, கோட்டின் ஓரத்தில் உலோகம் பிசிறாக எழும்பும். மையைப் பிடித்து வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெல்வெட் போன்ற மங்கலைக் கொடுப்பது அந்தப் பிசிறுதான். பிரஸ்ஸுக்குள் ஒவ்வொரு முறை போய் வரும்போதும் அது நசுங்கும். பத்து, பதினைந்து, மிஞ்சினால் இருபது தாள். பிறகு கோடு மெலிந்து வெறும் கீறலாகிவிடும். எண் வரிசைக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கும் விதிவிலக்கு இதுதான். தகட்டின்மேல் மெல்லிய இரும்புப் பூச்சு கொடுத்து நூற்றுக்கணக்கில் எடுக்கவும் வழி உண்டு. அப்போது வரம்பு தகட்டின் கையில் இல்லை, ஆளின் கையில்.

ரிடக்ஷன் லினோ இதைவிடக் கறார். ஒரே பலகை. முதல் வண்ணத்தை எல்லாத் தாளிலும் அச்சிட்டுவிட்டு, அதே பலகையில் மேலும் வெட்டி இரண்டாவது வண்ணம், இன்னும் வெட்டி மூன்றாவது. இரண்டாவதற்கு வெட்டிய கணத்தில் முதலாவது பலகை உலகத்தில் இல்லை. கூடுதலாக ஒரு படி கூட எடுக்க முடியாது. தற்கொலைப் பிரின்ட் என்று அச்சிடுகிறவர்கள் கேலியாகச் சொல்வது இதைத்தான். டிஜிட்டலில் இந்தக் கட்டாயம் எதுவும் கிடையாது, அதனால்தான் அங்கே கணக்குப் புத்தகம் முக்கியமாகிறது. அதற்கு வருவோம்.

ரிடக்ஷன் லினோவை ஒரு எடுத்துக்காட்டோடு பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். முட்டம் பாறைகள், அலை, ஒரு வள்ளம்; மூன்று வண்ணம்; 30 படி. பலகை ஏ4 அளவு, 3.2 மி.மீ கனமுள்ள சாம்பல் லினோ. ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்துச் சணல்துணிமேல் பரப்பியது. பழைய லினோ வேண்டாம்; விளிம்பு உதிரும், வளைத்தால் வெடிக்கும். மேற்பரப்பை 400 நம்பர் எமரி தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்தால் மை சமமாகப் பிடிக்கும்.

தாள் கணக்கு இப்படி. 30 விற்பனைக்கு, 3 ஓவியரின் படி (அவர் தனக்கென்று வைத்துக்கொள்வது), 1 மாதிரிப் படி (மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்க்க). இதோடு நின்றால் மாட்டிக்கொள்வோம். மூன்று வண்ணத்துக்கு மூன்று முறை தாளை வைத்து எடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு போகும். ஆக இன்னொரு பத்து சேர்த்து 44. 56க்கு 76 செ.மீ முழுத் தாளை நான்காகக் கிழித்தால் 28க்கு 38. பதினோரு முழுத் தாளில் 44 சரியாக வரும். ஏ4 படத்தைச் சுற்றி மூன்றரை, நான்கு செ.மீ ஓரம் நிற்கும். கத்தரிக்காமல் இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்துக் கிழித்தால் கைவினைத் தாளின் ஓரத்தோடு பொருந்தும். பிரஸ் இருந்தால் 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) பருத்தித் தாள் போடலாம். கையால் தேய்க்கிறவர்களுக்கு அது மசியாது. 120 முதல் 160 ஜிஎஸ்எம், வழவழப்பான தாள் போதும். புதுச்சேரி ஆசிரமத்துக் கைவினைத் தாள் அழகானதுதான். ஆனால் சொரசொரப்பான ரகத்தை எடுத்தால் பெரிய கறுப்புப் பரப்பில் வெள்ளைப் புள்ளிகள் விழும்.

வரைந்ததை டிரேஸிங் தாளில் எடுத்துத் திருப்பி வைத்துத்தான் பலகையில் ஏற்ற வேண்டும். இடம் வலம் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் வள்ளத்தின் பெயரை நேராக வெட்டிவிட்டு விழிப்பவர்கள் உண்டு. வெட்டும்போது கோட்டின் சுவர் வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும், மலையடிவாரம்போல. உள்பக்கம் குடைந்துவிட்டால் முதல் பதினைந்து தாள்வரை ஒன்றும் தெரியாது. பதினாறாவதில் கோடு ஒடிந்து வரும். ஒன்றரை மி.மீ ஆழம் போதும். மயிலாடிக் கல்தச்சர் உளி மழுங்கினால் வேலையை நிறுத்திவிட்டுத் தீட்டப் போவார். லினோ உளிக்கும் அதே பழக்கம் வேண்டும். தோல் பட்டையில் அரை மணிக்கு ஒருமுறை இழுக்காவிட்டால், உளி வெட்டாமல் கிழிக்கும். கைக்கு மேல் அழுத்தம் கொடுத்து, வழுக்கி, இடது கையில் இறங்குவதும் மழுங்கிய உளிதான். இடது கை எப்போதும் உளிக்குப் பின்னால்.

முதல் வெட்டில் தாள் வெள்ளையாகவே நிற்க வேண்டியதை மட்டும் எடுக்க வேண்டும்: அலையின் நுரை. அச்சு வெளுத்ததிலிருந்து அடர்த்திக்குப் போகும். முதலில் வானத்து மஞ்சள், பிறகு கடல், கடைசியில் பாறையும் வள்ளமும். மஞ்சளின்மேல் நீலம் ஏறினால் பச்சையாகிவிடும். நீலமாகவே நிற்க வேண்டுமானால் மறைக்கும் வெள்ளை மை கலக்க வேண்டும், அதாவது டைட்டானியம் டையாக்ஸைடு. மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் பிரித்தெடுக்கும் இல்மனைட்தான் அதன் மூலத்தாதுகளில் ஒன்று. அவ்வளவு கறுத்த மணலுக்குள் இவ்வளவு வெளுத்த நிறமி.

ஒரு வண்ணத்துக்கு 75 மி.லி டியூப் ஒன்றின் அளவுக்கு மை கலந்து வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால் அதே நிறம் வராது. இருபதாவது படியும் இருபத்தோராவது படியும் அக்கா தங்கை மாதிரி இருக்கும், இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்காது. கண்ணாடிப் பலகையில் ரோலரை உருட்டும்போது காதுதான் அளவுகோல். மை அதிகமென்றால் சகதியில் கால் வைத்து எடுப்பதுபோல பச்சக் பச்சக் என்று கேட்கும், மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல இருக்கும். அந்த மையை ஏற்றினால் மெல்லிய கோடெல்லாம் அடைத்துக்கொள்ளும். சரியான அளவுக்கு வந்ததும் மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும் கேட்கும், தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் அடங்கும்போது வருகிற சத்தம். மேற்பரப்பு சாடின் துணிபோல மினுங்கும். பலகை மையைக் குடித்துப் பழக நான்கைந்து தாள் ஆகும். அவற்றை நியூஸ்பிரின்ட்டில் எடுத்துத் தள்ளிவிட வேண்டும், நல்ல தாளைச் செலவழிக்கக் கூடாது.

தேய்ப்பதற்கு பேரன் என்ற மூங்கில் பட்டைத் திண்டு வேண்டும் என்று வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லும். நம் ஊர்ச் சிரட்டை அகப்பையின் முதுகு அதற்குக் குறைந்ததல்ல, நன்றாக வழவழப்பாகத் தீட்டியிருந்தால். சமையலறையிலிருந்து எடுக்காதீர்கள், எண்ணெய் ஊறியிருக்கும். தாளின்மேல் பட்டர் பேப்பர் ஒன்று வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சின்னச் சின்ன வட்டங்களாக. ஒரு கை தாளை அசையாமல் பிடிக்க, ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடத்தில் மறுபடி. ஒரு தாளுக்கு ஏழு நிமிடம் என்றால், 44 தாள், மூன்று வண்ணம், 132 முறை: பதினைந்து மணி நேரத்துக்குமேல் தேய்ப்பு மட்டும். விலை ஏன் இவ்வளவு என்று கேட்கிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

தேங்காய் எண்ணெய் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் எதற்கும் கை அங்கேதான் போகும். மை கெட்டியாக இருக்கிறது என்று இரண்டு சொட்டு விட்டால் அந்த எடிஷன் முடிந்தது. அச்சு மை காய்வது தண்ணீர் காய்வதுபோல அல்ல. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. இறுகும் தன்மையைச் சுட்டும் அயோடின் எண் ஆளிவிதைக்கு 170-க்குமேல், தேங்காய்க்குப் பத்தையொட்டி. தேங்காய் எண்ணெய் எத்தனை வருடம் வைத்தாலும் இறுகாது. படம் விரலில் ஒட்டிக்கொண்டே இருக்கும், கோடுகளைச் சுற்றி எண்ணெய்க் கறை படரும். ரோலர் கழுவ மட்டும் பயன்படுத்தலாம், நன்றாகவே கழுவும். பிறகு சோப்பு நீரிலோ ஸ்பிரிட்டிலோ சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். மையை இளக்க ஆளிவிதை எண்ணெய்தான். இளகிப்போன மையை இறுக்க மக்னீசியம் கார்பனேட் தூள். சித்திரை வெயிலில் இரண்டாவதுதான் அதிகம் தேவைப்படும்.

எடிஷனைக் கெடுப்பதில் உளிக்கும் மைக்கும் முந்தி நிற்பது காற்றின் ஈரம். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் நனைக்கிற மாவட்டம் இது. ஜூன் முதல் டிசம்பர் வரை ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். தை, மாசியில் இரண்டு மூன்று நாளில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்கிற மை, ஆடியில் ஒரு வாரம், பத்து நாள் கேட்கும். பொறுக்காமல் அடுக்கினால் ஒன்றின் மை அடுத்ததன் முதுகில் ஏறும். மையைச் சீக்கிரம் காய வைக்கும் கோபால்ட் டிரையர் கலக்கலாம், எடையில் ஒரு சதவீதம், மிஞ்சினால் இரண்டு. அதற்குமேல் போனால் மை கண்ணாடிபோல இறுகி அடுத்த வண்ணத்தை ஏற்காது. மேலே ஏறிய மை திட்டுத்திட்டாக ஒதுங்கும். முதல் வண்ணத்தை அச்சிட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து வந்தாலும் இதே தொல்லைதான்.

தாளும் சும்மா இருக்காது. பருத்தித் தாள் ஈரத்தை இழுத்து நீளும். 38 செ.மீ தாள் கால் சதவீதம் நீண்டாலே கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். வெயிலடித்த மதியம் மஞ்சளையும், சாரல் பெய்த காலையில் நீலத்தையும் அச்சிட்டால், மூலையில் எவ்வளவு கச்சிதமாகப் பொருத்தினாலும் எதிர்மூலையில் பாறையின் ஓரமாக மஞ்சள் கீற்று தெரியும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தாளை ஒரே இடத்தில் வைக்க உதவும் அட்டையைக் குறை சொல்லி, ஆட்கள் அதை நாலு தடவை மாற்றி ஒட்டுவார்கள். குற்றம் அட்டையில் இல்லை. கிழித்த தாள்களை அச்சிடும் அறையிலேயே இரண்டு நாள் பிரித்துப் போட்டு வையுங்கள். ஈரப்பதமானி ஒன்றை மாட்டி, முதல் வண்ணத்தன்று காட்டிய எண்ணை எழுதிவைத்து, அதையொட்டிய நாளிலேயே மற்ற வண்ணங்களை எடுங்கள். ஏசி அறை இருந்தால் 55 சதவீதத்தில் நிறுத்தலாம். இல்லாதவர்கள் தை முதல் பங்குனி வரைக்குள் முடிப்பது நல்லது. கணவாய்க் காற்று வீசும் ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சலுகை, குளச்சல் கடற்கரையில் இருப்பவர்களுக்குச் சலுகையே இல்லை.

மூன்று வண்ணமும் முடிந்து, மை கசிந்தது, கோணலானது, விரல் பட்டது எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் 32 மிஞ்சியிருக்கலாம். 3 ஓவியருக்கு, 1 மாதிரிக்கு. அப்படியானால் எடிஷன் 28. கீழ் எண்ணை முன்கூட்டியே 30 என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, குறைந்த இரண்டுக்காகச் சுமாரானதைச் சேர்த்துக்கொள்கிற வழக்கம் மோசமானது. கீழ் எண் கடைசியில்தான் எழுதப்பட வேண்டும்.

டிஜிட்டல் பக்கம் சுருக்கமாக. ஓவியத்தைப் படமெடுத்து டிஜிட்டலாக அச்சிடுவதற்கு ஜிக்லே என்று 1991-ல் ஜாக் டுகான் பெயர் வைத்தார். பெயர் நாகரிகம், வேலை இங்க்ஜெட்தான். ஏ2 அளவுக்கு 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்ஸல்) வேண்டுமானால் 4961க்கு 7016 பிக்ஸல், சுமார் 35 மெகாபிக்ஸல். போனில் எடுத்த படம் போதாது என்பதற்கு அந்த எண் ஒரு காரணம் மட்டும். வெளிச்சமும் வண்ண அட்டையும் பெரிய காரணம்: இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, விளக்கிலும் லென்ஸிலும் பளபளப்பைத் தடுக்கும் போலரைஸர், ஓரத்தில் 24 கட்ட வண்ண அட்டை. அச்சிடும் தாளுக்குரிய ஐசிசி ப்ரொஃபைல் (அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று பிரின்ட்டருக்குச் சொல்லும் ஃபைல்) இல்லாமல் அச்சிட்டால் பச்சை வயல் நீலமாகும். தாளில் வெளுப்பூட்டும் ரசாயனம் இல்லாததாகப் பாருங்கள். பளீரென்ற வெள்ளை நாளாவட்டத்தில் போய்த் தாள் மஞ்சளடிக்கும். நம் ஊர் ஈரத்தில் மை தெளிக்கும் நாசில் அடைப்பது குறைவு, தாள் சுருள்வது அதிகம். சுருண்ட ஓரம் பிரின்ட்டர் ஹெட்டில் உரசி மைக்கோடு விழும். ரோலைப் பாதியில் நிறுத்தினால் சிலிக்கா ஜெல்லோடு கட்டி வைக்க வேண்டும். யுபிஎஸ் இல்லாமல் ஏ2 படம் தொடங்கவே கூடாது. நடுவில் கரண்ட் போனால் அந்தத் தாள் குப்பை. மூடியில்லாமல் நின்ற ஹெட்டும் காய்ந்துபோகும். அச்சான பிறகு ஒரு நாளாவது திறந்து வைக்காமல் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டால் உள்பக்கம் ஆவி படியும்.

ஃபைலை எக்ஸ் போட்டுக் கீற முடியாது. லினோ, செம்புத் தகடு என்றால் எடிஷன் முடிந்ததும் குறுக்கே ஆழமாகக் கீறி, அந்தக் கீறலோடு ஒரு படி எடுத்து வைப்பார்கள். இனி இல்லை என்பதற்குச் சாட்சி. டிஜிட்டலில் சாட்சி பதிவேடு ஒன்றுதான்: எந்த எண், எந்தத் தாள், எந்த அளவு, எந்தத் தேதி, யாருக்கு. அங்கே நடக்கும் வழக்கமான தந்திரம், ஏ3-ல் 30 முடிந்ததும் அதே படத்தை ஏ2-வில் புதிய எடிஷன் என்று தொடங்குவது. சட்டப்படி தப்பில்லை என்பார்கள். வாங்கும்போதே "வேறு அளவில் வருமா?" என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "ஓவியரின் படி எத்தனை?" என்பதும் கேட்க வேண்டியதே; 30-க்கு 3 நியாயம், 15 என்றால் 30 என்ற எண்ணுக்கே பொருளில்லை. ஓவியரின் படியில் பின்னத்துக்குப் பதிலாக ஏ/பி என்றிருக்கும்.

இடது கீழ் ஓரம் எண், நடுவில் தலைப்பு, வலது ஓரம் கையெழுத்து. எல்லாம் பென்சிலில்தான், எச்பி முதல் 2பி வரை. பால்பாயின்ட் மை வெளுக்கும், தாளில் ஊறிப் பரவும். பென்சில் கரி வெளுப்பதில்லை, தாளில் லேசான பள்ளமும் விழும். வழவழப்பான போட்டோ தாளில் மட்டும் பென்சில் பிடிக்காது. பிக்மென்ட் பேனா (நிறமி மை கொண்டது) வேண்டும்.

கையெழுத்தை நம்பினாலும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். நகைக்கடையில் கல் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸ் போதும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்பூவாக வரிசை கட்டி நின்றால் அது ஆஃப்செட், காலண்டர் சாதி. ஒழுங்கில்லாத நுண்ணிய தூறல் என்றால் இங்க்ஜெட். லினோவிலும் மரக்கட்டையிலும் புள்ளியே இருக்காது. வண்ணத்தின் ஓரத்தில் மை பிதுங்கி அடர்ந்த விளிம்பாக நிற்கும், தாளின் முதுகைத் தடவினால் அழுத்தத்தின் மேடு தட்டும். செம்புத் தகடு என்றால் படத்தைச் சுற்றிலும் தகட்டின் பள்ளம். ஆஃப்செட் தாளின் கீழே பென்சிலால் 7/30 எழுதி விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவும்.

படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடும்போது அமிலமில்லாத மவுன்ட் அட்டை கேளுங்கள். கடையில் இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள். செலோடேப் ஒருபோதும் வேண்டாம், மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் மெல்லிய ஜப்பானியத் தாள் கீற்றைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிட வேண்டும். நாலு பக்கமும் ஒட்டினால் ஆடியில் தாள் நீளும்போது அலையலையாக எழும்பும். மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள், தென்மேற்கு மழை அந்தச் சுவரைத்தான் ஊற வைக்கும். வேறு சுவரானாலும் சட்டத்தின் பின்னால் கீழ் மூலை இரண்டிலும் ஒவ்வொரு தக்கைத் துண்டு ஒட்டிவிடுங்கள், காற்று போய் வர ஒரு செ.மீ இடைவெளி கிடைக்கும்.